திருகோணமலை நேரம்

பள்ளிவாசல் சைரன் ஊதியபோது சூரியன் இன்னும் கடலில் இறங்கியிருக்கவில்லை.

அஸாமுக்கு அது உடனே தெரியவில்லை. அவன் வீட்டுக்குள் பாயில் உட்கார்ந்திருந்தான். சைரன் கேட்டதும் ஊரில் எல்லாரும் செய்வதைத்தான் அவனும் செய்தான். பேரீச்சம்பழத்தை வாயில் போட்டான், தண்ணீர் குடித்தான், கஞ்சிக் கோப்பையைக் கையில் எடுத்தான். எதிரே இருந்த அவன் மனைவி மர்ளியா பகல் முழுவதும் வெங்காயப் பாத்தியில் குனிந்து நின்றுவிட்டு வந்தவள். ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து முடித்த பிறகுதான் அவள் வாசல் பக்கம் பார்த்தாள்.

"இண்டைக்கு வெள்ளனயே ஊதிட்டாங்க போல. பாருங்க, வேலியில இன்னம் வெயில் நிக்கிது."

வேலிக் கிடுகில் மஞ்சள் வெயில் ஒட்டிக்கொண்டிருந்தது. அஸாம் போனை எடுத்து நேரம் பார்த்தான். நேற்று நோன்பு திறந்த நேரம் வர இன்னும் ஐந்தாறு நிமிஷம் கிடந்தது.

கோப்பையை வைத்துவிட்டு எழுந்தான்.

"எங்க ஓடுறீங்க? கஞ்சியக் குடிச்சிட்டுப் போங்களன்."

ஒரு காலில் அவனுடைய செருப்பும் மறு காலில் மர்ளியாவின் செருப்புமாகப் பள்ளிவாசலை நோக்கி ஓடினான்.

புத்தளத்தின் மேற்குக் கரையில், ஆலங்குடாவுக்கு இப்பால், பனைகளும் வெங்காயத் தோட்டங்களும் முடிந்து கடல் தொடங்கும் இடத்தில் சின்னக்குடா. ஆண்கள் கடலுக்குப் போவார்கள். சிலர் காற்றுப் பட்டத்தைப் பிடித்துக் கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்களின் ஹோட்டல்களில் வேலை செய்தார்கள். பெண்கள் தோட்டத்தில் நின்றார்கள். கல்பிட்டி ரோட்டில் கம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருந்தவன் அஸாம் ஒருவன்தான். ஊரின் பிரின்டர், ஹோட்டல்களின் வைபை, பள்ளிவாசலின் பழைய கம்பியூட்டர் எல்லாம் அவன் பொறுப்பு.

அந்தப் பழைய கம்பியூட்டர்தான் தொழுகை நேரங்களைச் சுவர்த் திரையில் காட்டும். நோன்பு காலத்தில் சைரனையும் அதுதான் ஊதும். யாரோ எப்போதோ போட்டுக் கொடுத்த விண்டோஸ் அதில் ஓடிக்கொண்டிருந்தது. காசு கொடுத்து வாங்கியதல்ல. திரையின் மூலையில், இது அசல் அல்ல என்று ஓர் அறிவிப்பு எப்போதும் நிற்கும். தொழ வருகிறவர்கள் அதையும் நேர அட்டவணையின் ஒரு பகுதி என்று நினைத்துப் பழகிவிட்டார்கள்.

நோன்பு தொடங்கிய வாரம் மௌலவி மார்க்கம் தடுத்த, ஹராமான சம்பாத்தியம் பற்றிப் பயான் செய்தார். பயான் முடிந்ததும் அஸாம் எழுந்து, அல்லாஹ்வின் வீட்டில் திருட்டு விண்டோஸ் ஓடுகிறது என்றான். சிலர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை, யாரிடமும் திருட வேண்டியதுமில்லை, பழைய மெஷினுக்கும் அதுதான் தோது என்றான். பள்ளிவாசல் டிரஸ்டி முத்தலிபு ஹாஜியார் எல்லார் முன்னாலும் அவன் முதுகில் தட்டினார். அவர் அவனுடைய மாமனார்.

"பாத்தீங்களா, என்ட மருமகன்ட யோசன. கொம்பியூட்டரும் ஹலாலாப் போகட்டும்."

அந்தத் தட்டலின் சூட்டோடு, சைரன் முந்தி ஊதிய நாளின் பகலில் அஸாம் வேலையைத் தொடங்கினான். பழையதைத் துடைத்தான், புதியதை ஏற்றினான். பழைய தொழுகை நேரப் புரோகிராம் புதியதில் ஓடாது. வேறொன்றை இறக்கிப் போட்டான். அது ஊரைக் கேட்டது. பட்டியலில் புத்தளம் இல்லை. கொழும்பு இருந்தது, கண்டி இருந்தது, யாழ்ப்பாணம் இருந்தது, திருகோணமலை இருந்தது. நோன்பின் தலைவலி கண்ணைக் கட்டியது. பக்கத்தில் இலங்கைப் படம் தெரிந்தது. கொழும்பு எங்கேயோ கீழே கிடந்தது. திருகோணமலை புத்தளத்துக்கு ஏறக்குறைய நேரே, இந்தக் கரைக்கு எதிர்க்கரையில் இருந்தது. நேருக்கு நேர் இருக்கும் ஊருக்கு ஒரே நேரமாகத்தான் இருக்கும் என்று அதை அழுத்திவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டான்.

கிழக்குக் கரையில் சூரியன் முந்தி விழும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். பிறந்த நாளிலிருந்து சூரியன் கடலில் விழுவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

அவன் பள்ளிவாசலுக்கு ஓடி வந்தபோது ஆட்கள் கஞ்சி குடித்து முடித்துக்கொண்டிருந்தார்கள். கைகால் கழுவி ஒலு செய்யும் தொட்டிக்குப் பின்னால் நின்றான். எல்லாரும் மஃரிப் தொழுகைக்கு அணிவகுத்து, முதல் தக்பீர் கேட்டதும் ஒபீஸ் அறைக்குள் புகுந்தான். திருகோணமலையை எடுத்துவிட்டுக் கொழும்பை வைத்தான். பின்சுவர்த் திரையில் நேரங்கள் சட்டென்று மாறின. மாறியதைப் பார்க்க யாரும் இல்லை. எல்லாருடைய முகமும் தொழும் திசையான கிப்லாவை நோக்கி இருந்தது.

பிறகு போய்க் கடைசி ரக்அத்தில் சேர்ந்துகொண்டான்.

விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் ஹோட்டல் ஒன்றில் சமையல்காரனாக இருந்த கிளைட்டன் அன்று மாலை கடற்கரையில் போனோடு நின்றிருந்தான். சிலாபம் பக்கத்துக் கிறிஸ்தவன்; ஊரில் வேதக்காரன் என்பார்கள். பட்டங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்குவதை வீடியோ எடுத்து ஹோட்டலின் இணையப் பக்கத்தில் போட்டான். சூரியன் தண்ணீருக்கு மேலே முழுசாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பின்னால் சின்னக்குடாச் சைரன் தெளிவாகக் கேட்டது.

மறுநாள் காலையில் அந்த வீடியோ ஊரின் எல்லாப் போன்களிலும் இருந்தது. கிளைட்டன் சந்தோஷமாக அஸாமின் கடைக்கு வந்தான். அஸாமை அவன் சிங்களத்தில் அண்ணன் என்ற பொருளில் அய்யே என்றுதான் கூப்பிடுவான்.

"அய்யே, ஒங்கட ஊர்ச் சனம் எல்லாம் என்ட வீடியோவப் பாக்குது. முன்ன எல்லாம் பத்துப் பேரும் பாக்க மாட்டாங்க. அவ்வளவு நல்லாவா எடுத்திரிக்கன்?"

"நல்லாத்தான் எடுத்திரிக்க" என்றான் அஸாம்.

"பின்ன ஏன் அய்யே முகத்த அப்பிடி வச்சிக்கிட்டு இரிக்கிறீங்க? நோன்பா?"

"ஓம். நோன்பு."

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் வளவில் வேப்பமரத்துக்குக் கீழே ஆட்கள் கூடினார்கள். காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. மௌலவி முதலிலேயே சொல்லிவிட்டார்: சூரியன் விழ முந்தித் திறந்த நோன்பு நோன்பில்லை, அறியாமல் நடந்ததால் குற்றமில்லை, ஆனால் பெருநாளைக்குப் பிறகு எல்லாரும் அதற்கு ஈடாக ஒரு நோன்பு பிடித்துக் கழாச் செய்ய வேண்டும். கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. வள்ளத்தில் போனவர்கள், தோட்டத்தில் நின்றவர்கள் எல்லாருக்கும் அந்தப் பகலின் தாகம் நினைவுக்கு வந்தது. அடுத்ததாக, யார் செய்தது என்ற கேள்வி வந்தது.

எல்லாரும் மோதினார் றஸீனைப் பார்த்தார்கள்.

றஸீன் முசலிப் பக்கத்திலிருந்து வந்தவன். தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்வதும் பள்ளிவாசலைக் கூட்டித் துடைப்பதும் அவன் வேலை. மனைவி ருஷ்தாவும் கைப்பிள்ளையும் அங்கேயே இருந்தார்கள். பெருநாளைக்குப் பிறகு அவர்களைக் கூட்டி வந்து வைத்துக்கொள்ளப் பள்ளிவாசலுக்குப் பின்னால் இருந்த வீட்டைத் தருவதாகப் பேச்சு. அந்த வீட்டுக்கு அவனே சுண்ணாம்பு அடித்து முடித்திருந்தான்.

கம்பியூட்டருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புச் சுவிட்ச் இருந்தது. கம்பியூட்டர் இறுகி நின்றுவிடும் நாட்களில் றஸீன் அதை அழுத்திச் சைரன் ஊதுவான். அது எல்லாருக்கும் தெரியும்.

"மோதினார், நீ அமத்தினியா?" என்று கேட்டார் முத்தலிபு.

"இல்ல ஹாஜியார். அது தன்னால ஊதினது. நான் அப்ப கஞ்சிக் கோப்ப அடுக்கிட்டு நிண்டன்."

"தன்னால ஊத அதுக்குள்ள ஜின்னா இரிக்கு?" என்றார் ஒருவர்.

"ஜின்னுக்கும் பசி போல" என்றார் இன்னொருவர். சிரிப்பு எழுந்தது. றஸீனும் சிரிக்கப் பார்த்தான்.

"நீ ஒபீஸுக்குப் போகவே இல்லயா?"

"போனன். கோப்ப எடுக்க. அங்கதானே அலுமாரி இரிக்கு."

முத்தலிபு அஸாமின் பக்கம் திரும்பினார்.

"மருமகன், நீங்க சொல்லுங்க. கொம்பியூட்டர் பிழையா ஊதுமா?"

சொல்லியிருக்கலாம். அவர் முகத்தில் இன்னும் அந்த முதுகுத் தட்டலின் பெருமை இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அஸாம் வாய் திறந்தான்.

"நான் பாத்தன் மாமா. கொம்பியூட்டர்ல நேரம் சரியாத்தான் இரிக்கு."

ஒவ்வொரு சொல்லும் உண்மைதான். அவனே சரியாக்கி வைத்த நேரம். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. படித்தவன் சொல்லிவிட்டான். பெருநாள் முடிந்ததும் றஸீன் ஊருக்குப் போகட்டும், வேறு மோதினார் பார்க்கலாம் என்று முடிவாயிற்று.

வீட்டில் மர்ளியா எதுவும் கேட்கவில்லை. அது அஸாமுக்கு ஆறுதலாக இருந்தது. பிறகு அதுவே தாங்க முடியாததாக ஆயிற்று. தானுண்டு, தோட்டமுண்டு என்று இருந்தாள். விடியுமுன் சஹருக்கு எழுப்பினாள், சோறு போட்டாள். பேச்சு மட்டும் குறைந்துகொண்டே வந்தது. அஸாமால் குர்ஆன் ஓத முடியவில்லை. ஓதினால் எழுத்துக்களுக்கு நடுவில் ஊர்ப் பெயர்களின் அந்தப் பட்டியல் வந்து நின்றது. பாங்குச் சத்தம் கேட்கும்போது போனை எடுத்து எதையாவது தட்டிக்கொண்டிருந்தான்.

சின்னக்குடாவில் மோதினாருக்கு முறைச் சாப்பாடு. ஒவ்வொரு நாள் ஒவ்வொரு வீட்டிலிருந்து போகும். இருபத்தேழாம் நோன்பு கழிந்த மறுநாள் அவர்கள் வீட்டு முறை வந்தது.

மர்ளியா பாரை மீனைத் துண்டு போட்டு, கொறுக்காய்ப்புளி கரைத்துச் சட்டியில் வைத்தாள். தேங்காய்ப்பால் ஊற்றிய வெண்டிக்காய், பருப்பு, ஒரு பொரியல். நோன்பாளி உப்புப் பார்த்து விழுங்க முடியாது. நுனி நாக்கில் வைத்துத் துப்பிவிட்டு, கொஞ்சம் உப்புப் போட்டாள். பெரிய மீன் துண்டு எல்லாவற்றையும் எடுத்துச் சாப்பாட்டுக் கெரியரின் ஒரே தட்டில் அடுக்கினாள்.

"எங்களுக்கு?" என்றான் அஸாம்.

"தல இரிக்கு. வாலும் இரிக்கு."

"என்ன, மோதினாருக்கு இண்டைக்கு விருந்தா?"

"அந்த மனிசன் இனி எங்க வீட்டுச் சோறு திண்ண மாட்டாரே. இதான் கடைசி முற." அகப்பையைச் சட்டியில் வைத்தாள். "அண்டைக்கு என்ட செருப்பப் போட்டுக்கிட்டு எங்க ஓடினீங்க?"

அஸாம் கெரியரின் மூடியைத் தேடி எடுத்தான்.

"நான் அண்டைக்கே விளங்கிக்கிட்டன். நீங்களாச் சொல்லுவீங்க எண்டு பாத்துட்டு இரிந்தன்."

"வாப்பாட்டச் சொல்லிட்டியா?"

"நான் ஏன் சொல்ல? பிழையச் செஞ்சது நீங்க, பொய்யச் சொன்னது நீங்க. நான் என்ட வாயால சொன்னா நீங்க தப்பிச்சீங்க." கெரியரைப் பூட்டி அவன் கையில் வைத்தாள். "சூடாறிடும். போங்க."

பள்ளிவாசல் வளவில் பெரிய சட்டியில் கஞ்சி வெந்துகொண்டிருந்தது. இரண்டு பேர் துடுப்புப் போன்ற நீள அகப்பையால் துழாவிக்கொண்டிருந்தார்கள். முத்தலிபு கதிரை போட்டு உட்கார்ந்து, அடிப்பிடிக்க விட வேண்டாம் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். மருமகனைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அஸாம் தலையைக் குனிந்துகொண்டு மோதினாரின் அறைக்குப் போனான்.

றஸீன் சாரன்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தான். சுவர் ஆணியில் பிள்ளைக்கு வாங்கிய பெருநாள் சட்டை தொங்கியது. அஸாமையும் மர்ளியாவையும் அண்ணன், அக்கா முறையில் நானா, ராத்தா என்றுதான் அவன் கூப்பிடுவான்.

"வாங்க அஸாம் நானா. இண்டைக்கு உங்கட வீடா? மர்ளியா ராத்தாட மீனுக்காகவே இந்த ஊர விட்டுப் போக மனமில்ல."

அஸாம் கெரியரைக் கீழே வைத்தான். போக நினைத்தான்.

"நானா, ஒண்டு கேக்கவா? கோவிக்க வேணாம்."

"கேளுங்க."

"அந்தச் சுவிட்ச்ல தெரியாமக் கை பட்டாலும் ஊதுமா?" றஸீன் தன் வலது கையைப் பார்த்தபடி கேட்டான். "முதல்ல நான் இல்லயெண்டு சத்தியம் பண்ற மாதிரி இரிந்திச்சி. பொறகு யோசிக்க யோசிக்க… கோப்ப எடுக்கப் போனன்தானே. அலுமாரிக்கிட்டத்தான் அது இரிக்கு. சஹருக்குப் பொறகு நான் கண் மூடல்ல அண்டைக்கு. நித்திர மயக்கம். கொம்பியூட்டர் சரியெண்டு நீங்களே சொல்லிட்டீங்க. அப்ப என்ட கையாத்தானே இரிக்கணும்."

அஸாம் சுவரில் தொங்கிய சட்டையையே பார்த்தான்.

"ருஷ்தாக்கிட்டயும் சொல்லிட்டன். என்னாலதான் எண்டு. ஒரு ஊர்ட நோன்பு நானா. எத்தின பேர்ட தாகம். பெருநாளைக்குப் பொறகு ஒண்டு இல்ல, ஏலுமான மட்டும் புடிப்பன்."

"றஸீன், எழும்புங்க."

"ஏன்?"

"எழும்பி என்னோட வாங்க."

கஞ்சிச் சட்டிக்கு முன்னால் இருவரும் வந்து நின்றார்கள். துழாவுகிறவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். முத்தலிபு, "என்ன மருமகன், கறி கொட்டிட்டா?" என்றார்.

"அண்டைக்கு ஊதினது கொம்பியூட்டர்தான் மாமா. நான் திருகோணமல நேரத்த வச்சிட்டன். நீங்க எல்லாரும் மஃரிப் தொழக்குள்ள வந்து மாத்தினன். மோதினார் ஒண்டும் செய்யல்ல."

அகப்பை நின்றது. கஞ்சி மட்டும் கொதித்தது.

"மோதினார் பாவமெண்டு சொல்றீங்க" என்றார் முத்தலிபு மெதுவாக. "நல்ல மனசு. ஆனா பொய் சொல்லாதீங்க."

மாமனார் நம்பத் தயாராக இல்லை. அஸாம் அதை எதிர்பார்க்கவில்லை. சொன்னால் போதும் என்றுதான் நினைத்திருந்தான்.

"காட்டுறன். வாங்க."

சைரன் வெளியே கேட்காதபடி அம்ப்ளிபயரின் வயரைக் கழற்றினான். கம்பியூட்டரின் சின்ன ஸ்பீக்கரை மட்டும் விட்டான். எல்லார் முன்னாலும் கொழும்பை எடுத்துவிட்டுத் திருகோணமலையை வைத்தான். அறையை வெளியிலிருந்து பூட்டித் திறப்புச் சாவியை முத்தலிபின் கையில் கொடுத்தான். எல்லாரும் வராந்தாவில் காத்திருந்தார்கள். தொழவும் கஞ்சிக்கும் வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். விஷயம் காதுக்குக் காது போயிற்று. யாரும் அஸாமுக்குப் பக்கத்தில் நிற்கவில்லை. றஸீன் நடுவில் நின்றான். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மார்பில் கட்டிக்கொண்டிருந்தான்.

பள்ளிவாசலின் மேற்குச் சுவர் முழுக்க வெயில் இருந்தது. அப்போது பூட்டிய அறைக்குள்ளிருந்து சைரன் மெல்லிசாக ஊதியது.

றஸீன் மார்பிலிருந்த கைகளைப் பிரித்தான். வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்தான். பிறகு அதே கையால் முகத்தை மூடிக்கொண்டான்.

முத்தலிபு திறப்பை அஸாமிடம் நீட்டினார்.

"சரியான நேரத்த வைங்க. ஆக்கள் நோன்பு திறக்கணும்." சற்று நின்றார். "மறதியில செஞ்சீங்க, அத விடுங்க. அண்டைக்கு நான் ஒங்களத்தானே கேட்டன்."

அன்று கஞ்சி குடிக்கும்போது அஸாமின் இரு பக்கமும் பாய் வெறுமையாகக் கிடந்தது.

றஸீனைப் போக வேண்டாம் என்று ஊர் கேட்டது. முத்தலிபே அறைக்குப் போய்க் கேட்டார். வீட்டுத் திறப்பையும் கொண்டுபோனார். றஸீன் சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டான். பெருநாள் தொழுகை முடிந்து பஸ்ஸுக்கு நின்றவனைத் தன் பைக்கில் ஏற்றிப் பாலாவிச் சந்திவரை கொண்டுபோனான் அஸாம். காற்றாலைகளைத் தாண்டிச் சந்தியில் பைக்கை நிறுத்தியதும் அஸாம் கேட்டான்.

"நில்லுங்களன் றஸீன். நான் கேக்கிறன்."

"கோவம் இல்ல நானா, அல்லாஹ் அறிய. ஆனா இனி அந்தச் சுவிட்ச்சுக்குக் கிட்டப் போனா எனக்கு என்ட கையில நம்பிக்க வராது. மோதினாருக்கு அது சரிவராது." பஸ் வந்தது. ஏறியவன் திரும்பி, "ராத்தாட்டச் சொல்லுங்க, மீன் நல்லா இரிந்திச்சி" என்றான்.

பெருநாள் கழிந்து சில நாட்களில் ஊர் சேர்ந்து கழா நோன்பு பிடித்தது. சைரன் வேண்டாம், கண்ணால் பார்த்துத் திறப்போம் என்று முத்தலிபு சொல்லிவிட்டார். கஞ்சிச் சட்டி கடற்கரைக்கு வந்தது. ஆண்கள் ஒரு பக்கம், வள்ளங்களுக்கு அப்பால் பெண்கள். காற்று ஓய்ந்திருந்தது. பட்டங்களைச் சுருட்டிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்கள் இத்தனை பேர் எதற்கு மணலில் வரிசையாக உட்கார்ந்து கடலைப் பார்க்கிறார்கள் என்று கிளைட்டனிடம் கேட்டார்கள்.

"சன்செட் பாக்கிறாங்க" என்றான் அவன்.

அஸாம் கடைசியில் உட்கார்ந்திருந்தான். ஊரில் அவனுக்கு இப்போது புதுப்பெயர்.

"திருகோணமல, அங்க விழுந்திட்டா?" என்று கேட்டது ஒரு குரல்.

"அங்க விழுந்து கஞ்சியும் குடிச்சி முடிச்சிட்டாங்களாம்" என்றது இன்னொன்று.

சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரிப்பு அடங்கியதும் முத்தலிபு எழுந்து அவன் முன்னால் வந்து நின்றார். அன்றைக்குப் பிறகு அவர் அவனோடு நேரே பேசுவது இதுதான் முதல் தடவை.

"புது மோதினார் இன்னம் வரல்ல. நோன்பு திறக்கிற பாங்க நீங்க சொல்லுங்க."

"நான் சொல்றதா மாமா? வேற ஆரும்…"

"நீங்கதான்."

அஸாம் எழுந்து தண்ணீர் ஓரத்துக்குப் போய் நின்றான். சூரியன் கடலைத் தொட்டது. பாதியாயிற்று. ஒரு கோடாயிற்று. கோடும் போயிற்று. பின்னால் ஒவ்வொரு கையிலும் ஒரு பேரீச்சம்பழம் வாய்க்கருகே வந்து நின்றது.

பாங்கு சொல்கிறவர்கள் செய்வதுபோல் அவன் காதுகளில் விரலை வைத்தான். வாய் திறக்கவில்லை.

"மருமகன்" என்றார் முத்தலிபு. "விழுந்திட்டு."

"இன்னம் கொஞ்சம் மாமா."

"நானும் பாத்தன். எல்லாரும் பாத்தம். சொல்லுங்க."

அஸாம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். சூரியன் இருந்த இடத்தில் சிவப்பு மட்டும் இருந்தது. அது சூரியனில்லை என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் தன் கண்ணில் அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. வள்ளங்களுக்கு அப்பாலிருந்து மர்ளியா, "சொல்லுங்க" என்றாள்.

அதற்குப் பிறகும் சற்று நேரம், ஓர் ஊர் முழுவதும் கையில் பழத்தோடு அவனுக்காகக் காத்திருந்தது.